இளமையின் நிதானம்

வேகம் இளமையோடு கூடப் பிறந்தது. நிதானமோ வயதும் அனுபவமும் சேர்ந்து பிற்காலத்தில் அளிக்கும் வரம் என்றே உலகம் எண்ணி வந்திருக்கிறது. ஆகையால், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆடும் கிரிக்கெட்டைக் காண உட்காருகிறவர்கள், எல்லைக் கோட்டைத் தாண்டிப் பறக்கும் சிக்ஸர்களையும் ஸ்டம்பைப் பெயர்த்தெறியும் பந்துகளையுமே எதிர்பார்க்கிறார்கள். அவையும் ரசிக்கத் தக்கவையே. ஆனால் அந்தப் பிராயத்திலேயே ஒருவனுக்குப் பரிபக்குவமான பொறுமை கைகூடி, அது தேசத்தின் கௌரவமே அவன் மட்டையை நம்பி நிற்கும் வேளையில் வெளிப்படுமானால், கிரிக்கெட் என்னும் கலையில் அதற்கு ஈடான சௌந்தரியம் வேறில்லை என்பேன். 2020 பிப்ரவரி 9ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவின் பொச்செஃப்ஸ்ட்ரூம் நகரில், வங்கதேச இளைஞர் அணி இந்தியாவை வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றிய ஆட்டத்தில் அந்தச் சௌந்தரியம் பூரணமாக விளங்கிற்று.

அந்த வெற்றி ஒரே நாளில் விளைந்ததன்று. 1998இலும் 2004இலும் அவ்வணிக்குக் கிட்டியது, முதல் சுற்றிலேயே பின்தங்கியவர்களுக்கென்று வைக்கப்பட்ட பிளேட் பரிசுதான். ஆயினும் 2004இல் சொந்த மண்ணில் அந்தப் பரிசுக்கான இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவையே வென்றார்கள். 2006இல் முஷ்பிகுர் ரஹீம், ஷகிப் அல் ஹசன், தமீம் இக்பால் ஆகிய மூன்று ரத்தினங்களும் ஒரே அணியில் இருந்தும் காலிறுதியைத் தாண்ட முடியவில்லை. 2016இல் மெஹிதி ஹசன் மிராஸ் தலைமையில் மிர்பூரில் அரையிறுதி வரை வந்து, மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்றார்கள். திறமைக்குக் குறைவில்லை, கடைசிப் படியில் கால் தடுமாறுவதே வழக்கமாயிருந்தது. 2019 செப்டம்பரில், கொழும்பில் நடந்த ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், இந்தியாவை 106 ஓட்டங்களுக்குள் அடக்கிவிட்டு, தாங்கள் 101க்கு ஆட்டமிழந்து ஐந்தே ஓட்டங்களில் கோப்பையைப் பறிகொடுத்தபோது, அந்தத் தடுமாற்றத்தின் கசப்பை இந்தத் தலைமுறையும் முழுமையாக ருசித்தது. இலங்கையின் முன்னாள் ஆட்டக்காரரான நவீத் நவாஸ் பயிற்சியளித்த அந்தப் பையன்கள் கலைந்துபோகவில்லை. சாவர் விளையாட்டுக் கல்வி நிலையத்தில் உருவான அக்பர் அலியின் தலைமையிலேயே, ஐந்து மாதம் கழித்து அதே இந்தியாவின் முன் மீண்டும் நின்றார்கள்.

நாணயச் சுழற்சியில் வென்று பந்துவீச்சைத் தேர்ந்ததும், அவர்களது சங்கற்பம் முதல் ஓவரிலேயே தெரிந்தது. இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஷோரிபுல் இஸ்லாமும் தன்சிம் ஹசன் சாகிபும் தொடக்கத்தில் ஓட்டமே கொடாமல் இறுக்கிப் பிடித்தார்கள். முதல் விக்கெட் ஒன்பது ஓட்டங்களில் விழுந்தது. அதன்பின் யஷஸ்வி ஜெய்ஸ்வால் 88 ஓட்டங்களை அழகாகச் சேர்த்தாரேனும், அவரைச் சுற்றிப் போடப்பட்ட கட்டு தளரவேயில்லை. 156 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட் என்று வலுவாக நின்ற இந்தியா, ஜெய்ஸ்வாலை ஷோரிபுல் வீழ்த்தியதும் சரிந்து, எஞ்சிய ஏழு விக்கெட்டுகளையும் இருபத்தோரு ஓட்டங்களுக்குள் இழந்து 177இல் முடிந்தது.

இனி நிகழ்ந்ததே என் ரசனைக்குரிய முக்கியமான பகுதி. விக்கெட் இழப்பின்றி ஐம்பது என்று சுகமாகப் புறப்பட்ட வங்கதேசத்தை, ரவி பிஷ்னோய் தம் கூக்ளியால் சின்னாபின்னமாக்கினார். காற்றில் விரைந்து வந்து, தரையில் பட்டதும் எதிர்பாராத பக்கம் திரும்பும் அந்தப் பந்துகளுக்கு, அரையிறுதியில் சதமடித்திருந்த மஹ்முதுல் ஹசன் ஜாய் உட்பட நால்வர் இரையாயினர். நன்றாக ஆடிக்கொண்டிருந்த பர்வேஸ் ஹுசைன் இமோனோ தசைப்பிடிப்பினால் நொண்டிக்கொண்டே வெளியேறினார். 65க்கு நான்கு; பிறகு 102க்கு ஆறு. கொழும்பின் துர்ச்சொப்பனம் மறுபடியும் கண்முன் வந்து நின்றது.

அக்பர் அலி அப்போது காட்டிய விவேகத்தை என்னவென்பது! தேவைப்படுவது ஓட்டங்களைக் குவிப்பதல்ல, விக்கெட்டுகளைக் காப்பதே என்ற உண்மையை அவர் உணர்ந்திருந்தார். பிஷ்னோயின் பத்து ஓவர்களும் தீரும்வரை அவரை வெல்ல முயலாமல், பந்தின் குணம் வெளிப்படும்வரை காத்திருந்து, மென்மையான கைகளால் மட்டையைக் கீழே இறக்கி, பந்தைக் காலடியிலேயே சாகச் செய்தார். விளம்ப காலத்தில் பாடுகிறவர் தாளத்தைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டு அவசரமின்றி ராகத்தை விரிப்பது போல, ஓட்டமில்லாத பந்துகளின் நடுவிலும் அவர் கணக்குத் தவறவில்லை. காலைத் தாங்கிக்கொண்டே திரும்பி வந்த இமோன் அவருக்குத் துணைநின்று, இருவருமாக 41 ஓட்டங்கள் சேர்த்தனர். 47 ஓட்டங்களுடன் இமோன் வீழ்ந்தபோது, வேண்டியவை இன்னும் முப்பத்தைந்து. கையில் இருந்தவை மூன்றே விக்கெட்டுகள்.

அடுத்து வந்த ரகிபுல் ஹசன் தொழிலால் சுழற்பந்து வீச்சாளர். அவரையும் தம் நிதானத்துக்குள் அக்பர் இழுத்துக்கொண்டதில்தான் தலைவனின் லட்சணத்தைக் காண்கிறேன். ஏறக்குறைய ஒன்பது ஓவர்களில் ஓட்டங்கள் துளித்துளியாக இருபது சேர்ந்தன. மழை குறுக்கிட்டு ஆட்டம் நின்றது. இலக்கு 46 ஓவர்களில் 170 என்று மாறியது. ஏழே ஓட்டங்கள் எஞ்சின. அவை ஏழே பந்துகளில் வந்துவிட, மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வங்கதேசம் தன் சரித்திரத்தின் முதல் உலகக் கோப்பையைப் பெற்றது. அக்பர் 77 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 43. ரகிபுல் 25 பந்துகளில் 9.

வெற்றிக் களிப்பின் நடுவே இரு அணியினரும் மைதானத்திலேயே கைகலந்ததும், ஐவர் தண்டிக்கப்பட்டதும் வருந்தத்தக்கவை. அதற்காக அக்பர் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தது அவருடைய ஆட்டத்துக்கு இசைந்த பண்பு. 2022இல் ஆன்டிகுவாவில் இந்தியாவிடம் 111க்குச் சுருண்டு கிரீடத்தை இழந்த வங்கதேச இளைஞர் அணியினர், 2023இல் துபாயில் ஆசியக் கோப்பையை வென்றார்கள். 2024இல் அங்கேயே 198 ஓட்டங்களை வைத்துக்கொண்டு, இந்தியாவை 139க்குள் கட்டிப்போட்டு அதை மீண்டும் தக்கவைத்தார்கள். சொற்ப ஓட்டங்களைக் கொண்டு பதறாமல் போராடும் இந்தக் கலை வங்கதேசத்தில் ஒரு சம்பிரதாயமாக வேரூன்றிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சதங்களைத் தேடி ஆட்டப் புள்ளிகளைப் பார்க்கும் ரசிகர்கள், ரகிபுலின் அந்த ஒன்பது ஓட்டங்களுக்கு எதிரே ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். ஒரு தேசம் இருபதாண்டுகளாகத் தேடிய பொறுமை, அன்று தலைவனிடத்தில் மட்டுமின்றி, பந்துவீச மட்டுமே எடுக்கப்பட்ட அந்தப் பையனிடத்திலும் குடிகொண்டிருந்தது.