துகிற்பெயர்களும் ஊர்ப்பெயர்களும்: அடியார்க்குநல்லார் பட்டியலை வாசிக்கும் முறை

சிலப்பதிகார ஊர்காண் காதையில் 'தொண்டியோர் இட்ட அகிலும் துகிலும்' எனக் கூறும் பகுதிக்கு உரை வரையும் அடியார்க்குநல்லார், 36 துகில் வகைகளைப் பட்டியலிடுகிறார். தமிழர் நெசவு குறித்த கட்டுரைகள் பலவற்றில் இப்பட்டியல் காப்பியக் காலத் தறிகளுக்குச் சான்றாக எடுத்தாளப்படுகிறது. அது பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

பட்டியலிலுள்ள குச்சரி கூர்ச்சரத்தையும், தேவகிரி யாதவர் தலைநகரையும் சுட்டும் பெயர்களாகும். தேவகிரி தலைநகராக எழுச்சியுற்றது 12ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1327இல் அது தௌலதாபாத் எனப் பெயர் மாறியது. ஆகவே இப்பெயர் உரையாசிரியர் அறிந்த சந்தைக்கே சான்றாகும். இளங்கோவடிகள் காலத்துக்கு அன்று.

இனி, ஊர்ப்பெயர் தறி இருந்த இடத்தைத்தான் குறிக்கும் என்பதற்கும் உறுதியில்லை. டமாஸ்கஸ் நகரின் பெயர் தாங்கிய டமாஸ்க் துணி பின்னர் இத்தாலியத் தறிகளிலும் அதே பெயரில் நெய்யப்பட்டது. நம் கரிசல் வட்டாரமும் இதற்குச் சான்று தரும். கோவில்பட்டி, சாத்தூர் புன்செய்களில் விளைந்த பருத்தி, ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடித் துறைமுகம் வழியே 'டின்னவெல்லி' என்னும் பெயரில் ஏற்றுமதியாயிற்று. தாமிரபரணிக் கரையில் நெல்வயல் சூழ்ந்த ஊரின் பெயர், மானாவாரிப் பருத்திக்கு வணிகப் பெயராயிற்று. பெயர் காட்டுவது சரக்கின் வணிக முகவரியை; விளைநிலத்தை அன்று.

பட்டியலின் 'பொன்னெழுத்து' என்னும் பெயர் மேலும் எச்சரிக்கையை வேண்டுவது. இசுலாமிய அரசுகளின் ஆடைகளில் ஆட்சியாளர் பெயரை அரபு எழுத்தில் பொறித்த 'திராஸ்' பட்டைகளோடு இதனை இணைக்கத் தோன்றும். ஆனால் தமிழில் எழுதுதல் என்பது ஓவியம் தீட்டுதலையும் குறிக்கும். பொன்னெழுத்து பொன்னால் தீட்டிய உருவாகவும் இருக்கலாம். சிசிலியின் கிறித்தவ மன்னர் இரண்டாம் ரோஜரின் செம்பட்டு மேலாடையில், அது பலெர்மோவில் ஹிஜ்ரி 528இல் (கி.பி. 1133-34) உருவானதை அரபு எழுத்துகளே கூறுகின்றன. அங்கே ஆடையே சான்று. இங்கே எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே. இவ்விரண்டையும் ஒரே எடையில் வைத்துப் பண்பாட்டுத் தாக்கம் பேசுதல் முறையாகாது.

36 பெயர்களையும் தமிழ்த் தறிக்கே உரியனவாக்கிக் காலத்தையும் முன்தள்ளும்போது, பட்டியல் தரும் அரிய செய்தியை இழக்கிறோம்: உரையாசிரியரின் சந்தை அயல்நாட்டு நெசவையும் பெயர்சொல்லி அறிந்திருந்தது. துகிற்பெயர்களை ஒவ்வொன்றாக, அவற்றின் காலத்தோடும் வணிக வழியோடும் பொருத்தி ஆராய்தலே இனி மேற்கொள்ளத்தக்க பணி.