ஏரி இறாலின் பந்தி

இறாலைச் சாப்பிட்டு ரசிக்கிறோம். அது சாப்பிடுவதை ரசிப்பதில்லை. சேற்றில் கிடக்கும் குப்பைத் தின்னி என்று ஒதுக்கிவிடுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், அது எவ்வளவு பொறுக்கித் தின்கிறது என்று.

பொழுது சாய்ந்த பிறகு ஏரிக்குப் போங்கள். பகலில் பாசிக்குள் பதுங்கும் நன்னீர் இறால், இருட்டியதும்தான் மேயக் கிளம்பும். மதகுப் பக்கம் வேண்டாம், இழுப்பு இருக்கும். படித்துறை ஓரம் போதும். டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தால் கண்கள் நெருப்புப் பொறிகளாக மின்னும். வெளிச்சத்தைக் கண்டு வாலைச் சுருட்டிப் பின்பக்கமாக எகிறினால், டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

நீண்ட மீசையை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருக்கும் குட்டி மீசைகளைக் கவனியுங்கள். வெடுக் வெடுக்கென்று சுண்டிக்கொண்டே இருக்கும். இறால் மோப்பம் பிடிப்பது அவற்றால்தான். இரையின் வாசனை எட்டினால் சுண்டும் வேகம் கூடும்.

அடுத்து கால்கள். கடல் இறாலுக்கு முன்பக்கம் மூன்று ஜோடிக் கால்களில் கொடுக்கு உண்டு; ஏரி இறாலுக்கு இரண்டு ஜோடியில்தான். நீளமான இரண்டாவது ஜோடி சண்டைக்கும் பெரிய இரைக்கும். சாப்பாட்டு வேலை பெரும்பாலும் மெலிந்த முதல் ஜோடியுடையது. ஊறிய இலைமேல் நின்று இடது, வலது என்று மாறி மாறிக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோகும். கிள்ளுவது பெரும்பாலும் இலையை அல்ல, அதன்மேல் படிந்த வழவழப்பை. பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்த அந்தப் படலத்தில்தான் சத்து. கொடுக்கிலேயே ருசியறியும் மயிர்கள் இருப்பதால், எடுக்கும்போதே பாதித் தேர்வு முடிந்துவிடும். மீதியை ஆறு ஜோடி வாயுறுப்புகள் புரட்டிப் பார்த்து, மணலைக் கீழே தள்ளிவிடும். நான் அதிகம் ரசிப்பது இந்தத் தள்ளலைத்தான்.

ஓர் அங்குலமே வரும் பொடி இறால் வகை கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். கொடுக்கு நுனியில் மயிர்க்கற்றை. கிள்ளாமல் பெருக்கி அள்ளும்.

பெரிய இறாலைச் சாது என்று நினைத்துவிடாதீர்கள். புழு, செத்த மீன் எதையும் விடாது. தோலுரித்து மெத்தென்று கிடக்கும் சக இறாலும் தப்பாது. தான் உரித்த தோலையும் தின்னும். அதிலுள்ள சுண்ணாம்பு வீணாகாது.

ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிப் புட்டியில், அந்தத் தண்ணீரிலேயே, ஓர் இலையோடு விடுங்கள். கண்ணாடி உடம்புக்குள் முதுகோரம் கறுப்புக் கோடு தெரியும். சமைக்குமுன் நாம் 'நரம்பு' என்று கீறி எடுக்கிறோமே, அதுதான். உண்மையில் அது குடல்.

பார்த்ததும் அதே ஏரியில் விட்டுவிடுங்கள். வேறு குளத்தில் விட வேண்டாம்.