அம்பிகாபதி கதையில் முரண்: எண்ணும் எல்லையும்

ஆர்.கே.புரத்தில் தமிழை இரண்டாம் மொழியாகப் பயிலும் மாணவர் சிலருக்கு அம்பிகாபதி கதையைக் கூற நேர்ந்தபோது, தில்லியிலேயே பிறந்து வளர்ந்த மாணவி ஒருவர் ஒரு வினா எழுப்பினார். காப்புச் செய்யுளும் செய்யுள்தானே, அதனை ஏன் எண்ணக்கூடாது என்பதே அவ்வினா. காதலைப் பற்றியோ அரசனின் கொடுமையைப் பற்றியோ எவரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அவ்விடையைச் சற்று விரித்துக் கூறும் முயற்சியாகும்.

கதை யாவரும் அறிந்ததே. கம்பர் மகன் அம்பிகாபதி சோழன் மகள் அமராவதியைக் காதலிக்கிறான். சிற்றின்பச் சுவை சிறிதும் கலவாமல் பேரின்பப் பாடல் நூறு பாடினால் அவளை மணக்கலாம் என அரசன் விதிக்கிறான். திரைக்குப் பின்னிருந்து எண்ணிவரும் அமராவதி காப்பையும் ஒன்றெனக் கணக்கிட்டுவிட்டதால், தொண்ணூற்றொன்பது முடிந்ததும் நூறு நிறைந்ததெனக் கருதி வெளிப்படுகிறாள். அவளைக் கண்ட அம்பிகாபதி அவளையே பாடிவிடுகிறான், கொலைக்களம் செல்கிறான், அவளும் உயிர் துறக்கிறாள். இதனை வரலாற்றுச் செய்தியாகக் கொள்வதற்கில்லை. தனிப்பாடல் மரபும் வாய்மொழி மரபும் வளர்த்தெடுத்த கதை இது. வடிவங்களும் ஒன்றுக்கொன்று வேறுபடும். பரவலாக வழங்கும் வடிவமே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இக்கதையின் முரண்களைக் காதல் × அதிகாரம், புலமை × முடி, இளமை × முதுமை எனப் பட்டியலிடுவது எளிது. அவை பிழையானவை அல்ல. ஆயினும் உலகின் எந்தத் துன்பியல் காதற்கதைக்கும் அவை பொருந்தும். எதற்கும் பொருந்தும் விளக்கம் இக்கதையைத் தனித்து விளக்கியதாகாது. இங்குச் சாவைக் கொணர்வது பகைமையன்று, ஓர் எண்ணுப் பிழை. அப்பிழைக்குப் பொருள் தரும் முரண் எது என்பதே நம் வினா.

சொற்பொருளியலார் எதிர்ச்சொற்கள் அனைத்தையும் ஒரே வகையாகக் கொள்வதில்லை. லயன்ஸ் 1977இலும் குரூஸ் 1986இலும் விரிவாகக் காட்டியவாறு, 'உயிருள்ளது, உயிரற்றது' போன்ற இணைகளுக்கு இடைநிலை கிடையாது. ஒன்றை மறுப்பின் மற்றதை ஏற்றேயாக வேண்டும். 'பெரிது, சிறிது' என்பன அத்தகையன அல்ல. பெரிதன்று என்பதனாலேயே ஒரு பொருள் சிறிதாகிவிடாது. முன்னதை இருநிலை முரண் என்றும் பின்னதைப் படிநிலை முரண் என்றும் குறிக்கலாம். தொல்காப்பியர் முரண்தொடையைச் சொல்லாலும் பொருளாலும் அமைவதாகக் கூறியபோது இப்பாகுபாட்டைச் செய்யவில்லை. யாப்பிலக்கணத்திற்கு அது தேவைப்படவுமில்லை. அம்பிகாபதி கதையைப் புரிந்துகொள்ளவோ அது மிகவும் தேவைப்படுகிறது.

அரசனின் விதியை நோக்குக. சிற்றின்பம், பேரின்பம் ஆகிய இரு சொற்களிலும் இன்பம் என்பதே தலைமைச் சொல். வேற்றுமை அடைமொழியில் மட்டுமே உள்ளது. அவ்வடைமொழிகளும் படிநிலை முரணைச் சார்ந்தவை. ஒரே பொருளின் இரு அளவுகளாக மொழி அமைத்துத் தந்ததை, இடையே மதில் எழுப்பிய இரு வேறு உலகங்களாக அரசன் கொள்கிறான். தமிழ் இலக்கிய மரபு அவனுக்குத் துணை நிற்கவில்லை. நானூறு செய்யுட்களைக் கொண்ட திருக்கோவையார் அகப்பொருள் துறைகளிலேயே இறைவனைப் பாடுகிறது. அதனுள் பேரின்பப் பொருள் காணும் மரபும் வழங்கிவருகிறது. இக்கதைத் தலைவன் பெயரிலேயே ஒரு கோவை நூல் வழங்குவதும் கருதத்தக்கது. ஆகவே போட்டி தொடங்குமுன்னரே அம்பிகாபதி மொழியால் நிறைவேற்ற இயலாத ஒரு விதிக்கு உட்பட்டுவிடுகிறான். தொண்ணூற்றொன்பது பாடல்களை அவன் பாடி முடித்ததே வியப்பிற்குரியது எனலாம்.

எண்ணிக்கையிலும் இதே நிலைதான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பது அளவால் மிக அருகில் உள்ளது. விதியால் தொண்ணூற்றொன்பதும் ஒன்றுமின்மையும் ஒன்றே. படிநிலையாக இருந்தது மீண்டும் இருநிலையாக்கப்படுகிறது.

இனி மாணவியின் வினாவிற்கு வரலாம். அபிராமி அந்தாதியை நூறு பாடல் என்கிறோம். காப்பும் நூற்பயனும் அந்நூற்றின் புறத்தே நிற்கின்றன. ஏட்டில் அவை நூலோடு சேர்ந்தே உள்ளன; பாராயணத்திலும் சேர்ந்தே ஓதப்படுகின்றன; எண்ணிக்கையில் மட்டும் சேர்வதில்லை. காப்பு என்பது நூலின் வாயிலில் நிற்பது. வாயில் வீட்டின் அகமா புறமா என்பதற்கு எளிய விடையில்லை. வழக்கே அதனை முடிவு செய்கிறது. அமராவதிக்கு எண்ணத் தெரியாமலில்லை. புறத்தே நின்ற ஒன்றை அகத்தே வைத்து எண்ணினாள், அவ்வளவே. காக்க வேண்டிய செய்யுளே அழிவிற்கு வழியாகிறது என்னும் குறிப்பையும் கதை அச்சொல்லில் பொதிந்து வைத்துள்ளது. இவ்வாறு நோக்கின் கதையின் அடிப்படை முரண் அகம், புறம் என்பதாகவே அமைகிறது. திரைக்குப் பின்னிருந்தவள் முன்னே வருவதும் இவ்வெல்லையைக் கடக்கும் செயலே.

இதனை உறுதிப்படுத்துவது இதற்கு முன் நிகழும் விருந்துக் காட்சி. உணவுக்கலம் ஏந்திவரும் அமராவதியின் நடை கண்டு அம்பிகாபதி தன்னை மறந்து பாடத் தொடங்குகிறான். ஊன்றிய காலும் நோகிறது, பெயர்த்த காலும் நோகிறது, இடை துவள்கிறது எனச் செல்கிறது அவன் வருணனை. அரசன் ஐயுறுமுன் கம்பர் அப்பாட்டைத் தாமே முடித்து, அது தெருவில் கிழங்கு விற்றுவரும் ஒரு கிழவியைப் பற்றியது என ஆக்கிவிடுகிறார். கலைமகளே கிழவி வடிவில் தெருவில் வந்து கம்பர் சொல்லை மெய்யாக்கினாள் என்றும் கதை கூறும். முன்பகுதியில் ஒரு சொல்லும் மாறவில்லை. சுட்டப்படும் பொருள் மட்டும் மாறுகிறது. அதுவும் நேர் எதிராக மாறுகிறது: இளமை முதுமையாகிறது; அரண்மனையின் அகம் தெருவாகிய புறமாகிறது. மென்மையால் துவண்ட இடை சுமையால் துவண்ட இடையாகிறது. எதிர்மறைகள் ஒரே வருணனையைப் பகிர்ந்துகொள்ள இயலும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது.

அகப்பாட்டில் ஒருவரது இயற்பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பிய நெறி. பெயரின்மையே கம்பருக்கு இடம் தந்தது. பெயரில்லாத வருணனைக்கு எவரையும் பொருளாக்கலாம். அவையில் பாடிய இறுதிப் பாட்டோ வேறு நிலையில் அகப்பட்டுக்கொண்டது. அங்கும் பெயர் தேவைப்படவில்லை. ஆனால் எதிரே நிற்கும் உருவமே சுட்டாகிவிட்டது. வேறொரு கிழவியைக் காட்ட இனி எந்தப் புலவராலும் இயலாது. தந்தையின் புலமை மகனை ஒருமுறை காத்ததும் மறுமுறை கைவிட்டதும் திறனின் ஏற்றத்தாழ்வால் அன்று. முன்னதில் பொருள் வெளியே தேடப்பட்டது, பின்னதில் அது கண்முன் நின்றது.

1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'அம்பிகாபதி' திரைப்படம் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் சாயலை ஏற்றது என்பது திரைப்பட ஆய்வாளர் பலரும் குறிப்பிடும் செய்தி. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவாகப் பேசப்படவில்லை. ரோமியோ நாடகத் தொடக்கத்திலேயே ஒன்றுக்கொன்று முரணான சொற்களை இணைத்து அடுக்கிப் பேசுகிறான். அவ்வடுக்கு ஜூலியட்டைப் பற்றியதன்று, அவன் அவளைக் காணுமுன் ரோசலின் மீது கொண்ட மயக்கத்தைப் பற்றியது. அங்கு முரண் பேச்சின் அணியாகவும், ஆழமற்ற காதலின் அடையாளமாகவும் நிற்கிறது. அம்பிகாபதி கதையில் காதலர் முரண்படப் பேசுவதே இல்லை. முரண் கதையின் எலும்பில் உள்ளது. என் நோக்கில் இது தமிழ்க் கதையின் சிறப்பு. 1957இல் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்து வெளிவந்த படமும் இக்கட்டமைப்பைப் பேணியது.

2013இல் 'ராஞ்ஜனா' என்னும் இந்திப் படம் தமிழில் 'அம்பிகாபதி' எனும் பெயரோடு மொழிமாற்றம் செய்யப்பட்டது. காசியிலும் தில்லியிலும் நிகழும் அக்கதைக்குச் சோழர் அவையோடு தொடர்பேதும் இல்லை. எனினும் அத்தலைப்பு தமிழ்ப் பார்வையாளருக்கு ஒரு செய்தியை முன்கூட்டியே உணர்த்திவிடுகிறது: இக்காதலன் பிழைக்கமாட்டான். 2025 ஆகஸ்டில் அத்தமிழ் வடிவம், செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு இறுதிக் காட்சி மாற்றப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டது. இறக்க வேண்டியவன் கண் விழிக்கிறான். படத்தின் இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாகக் கண்டித்தனர். படைப்புரிமை பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்க, மொழியியலார் கவனிக்க வேண்டியது வேறொன்று. வாழ்வு, சாவு என்பது இடைநிலையற்ற முரண். அதில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் கடைசிக் காட்சி மட்டும் மாறுவதில்லை, அதுவரை வந்த காட்சிகள் எவற்றைக் குறித்தனவோ அவையும் மாறிவிடுகின்றன. 'அம்பிகாபதி' என்னும் தலைப்பு மட்டும் அப்படியே விடப்பட்டிருந்தது.