யானைக்குத் தெரியாத எல்லைக்கோடு

மொனராகலை மாவட்டத்தில் வீதி போடவும் வீட்டு அத்திவாரம் நிரப்பவும் குளக்கட்டை உயர்த்தவும் கிரவல் வேண்டும். கிரவல் கிடைக்கும் நிலமும் யானை நடமாடும் நிலமும் அங்கே பல இடங்களில் ஒன்றே. வடக்கே கல்ஓயா, மேற்கே உடவளவை, தெற்கே லுணுகம்வெஹெரவும் யாலவும் இருக்கின்றன. இப்படிப்பட்ட மாவட்டத்தில் கிரவல் அகழ்வு அனுமதி எதைக் காக்கிறது, எதைக் கைவிடுகிறது?

முதலில் சட்டம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கிரவலைத் தோண்டவோ ஏற்றிச் செல்லவோ விற்கவோ முடியாது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் 1993இல் சேர்க்கப்பட்ட பிரிவு, தேசிய பூங்கா போன்ற தேசிய ஒதுக்கிடத்தின் எல்லையிலிருந்து 1 மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனஜீவராசிகள் திணைக்களத் தலைவரின் எழுத்துமூல அனுமதியைக் கேட்கிறது. மொத்தப் பரப்பு 10 ஹெக்டேயரைத் தாண்டும் மேற்பரப்பு அகழ்வுக்குச் சுற்றாடல் சட்டத்தின் கீழான மதிப்பீடும் தேவை.

இந்த ஏற்பாட்டின் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஓர் அதிகாரி மட்டும் கையெழுத்திட்டு மலையைக் கொடுத்துவிட முடியாது. மாளிகாவில, புதுருவகல போன்ற தொல்லியல் இடங்கள் உள்ள மாவட்டத்தில் பிரதேச செயலகம், வனஜீவராசிகள், தொல்லியல் எனப் பல கண்கள் ஒரே விண்ணப்பத்தைப் பார்ப்பது நல்லதே. ஆழம், சரிவு, மேல்மண்ணை ஒதுக்கி வைத்தல் ஆகியவற்றை நிபந்தனையாக எழுதலாம்; குழியை மூடுவதற்கென முன்கூட்டியே பிணைப்பணம் வாங்கலாம். டிப்பரில் போகும் மண் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று பொலிஸார் வீதியிலேயே கேட்பதற்குப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வழி செய்கிறது. அதன் அருமை, அது இல்லாமல் போனபோது தெரிந்தது. 2019 டிசம்பரில் மணல், மண் ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று அமைச்சரவை முடிவெடுத்தது. ஆற்றங்கரைகளில் கட்டுப்பாடற்ற அகழ்வு பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன; பின்னர் அனுமதிப்பத்திரம் திரும்பி வந்தது.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதற்குறை, தூரத்தை அளவுகோலாக வைத்திருப்பது. 2021இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்றின்படி, இலங்கை நிலப்பரப்பில் சுமார் 60 வீதத்தில் யானைகள் வாழ்கின்றன. அந்தப் பரப்பில் சுமார் 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர். பூங்கா எல்லையிலிருந்து 1 மைல் என்ற விதி இந்தப் பெரும்பகுதியைத் தொடுவதேயில்லை. பூங்காவிலிருந்து 2 மைல் தள்ளி, யானை தினமும் நீருக்கு இறங்கும் வழியில் வெட்டப்படும் குழி விதிப்படி குற்றமற்றது. வழி அடைபட்ட யானை பக்கத்துச் சோளச் சேனைக்குள் இறங்கும்; அதன் விலையைச் செலுத்துபவர் குழிச் சொந்தக்காரர் அல்லர். 2023இல் நாட்டில் இறந்த யானைகளின் எண்ணிக்கை 400ஐத் தாண்டியது.

இரண்டாவது, துண்டு போடுதல். மொத்தப் பரப்பைச் சட்டம் கணக்கிலெடுத்தாலும் கோப்பு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனியாகவே திறக்கப்படுகிறது. ஒரே மேட்டில் ஐந்து பேர் ஐந்து சிறு துண்டுகளுக்கு விண்ணப்பித்தால் ஒன்றுகூட வரம்பைத் தொடாது. பொதுமக்கள் 30 நாளுக்குள் கருத்துச் சொல்லும் உரிமையும் முழு மதிப்பீட்டோடு சேர்ந்தே வருவதால், சிறு குழிகள் ஊர் அறியாமலே வந்துவிடுகின்றன. இதே தந்திரத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2012இல் தீபக் குமார் எதிர் ஹரியானா வழக்கில் எதிர்கொண்டது. 5 ஹெக்டேயருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைக்கும் சுற்றாடல் அனுமதி வேண்டும் என்று கூறியது.

மூன்றாவது, அயலவர் யார் என்ற கேள்வி. காணி உறுதி வைத்திருப்பவரை மட்டும் அயலவராகக் கணக்கெடுத்தால் தோட்ட லயத்தில் வாழ்பவர் கண்ணுக்கே படமாட்டார். தூசியும் டிப்பரும் அவர் வாசலால்தான் போகும்.

நான்காவதுதான் பெரிய குறை. அனுமதி கொடுக்கும்போது இருக்கும் விழிப்பு, கொடுத்த பிறகு இல்லை. கைவிடப்பட்ட குழியில் மழைநீர் தேங்குகிறது. பிள்ளையும் விழலாம், யானைக்கன்றும் விழலாம். எழுத்து மட்டும் உயிரைக் காப்பாற்றாது என்பதற்கு இம்மாவட்டம் அடங்கிய ஊவா மாகாணத்திலேயே கசப்பான சான்று உண்டு. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவு அகழ்வால் வந்ததல்ல. ஆனால் அது ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது; மக்கள் சரிவிலேயே இருந்தனர்.

இத்தனை கையெழுத்து கேட்டால் ஒரு லொறி வைத்துப் பிழைப்பவர் திருட்டு அகழ்வுக்குத்தான் போவார் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. தாமதம் உண்மை, அது பணமுள்ளவரை விடச் சிறியவரையே வாட்டுகிறது. ஆகவே கையெழுத்துகளைக் கூட்டுவது மருந்தாகாது. பிரதேச செயலகப் பிரிவுதோறும் யானை வழிகளையும் மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளையும் ஒரே வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துவிட்டால், எங்கே தோண்டலாம் என்பது விண்ணப்பிக்கும் முன்பே தெரியும். நல்ல இடத்துக்கு விரைவாக அனுமதி கொடுக்கவும் முடியும். அந்தப் பிரிவிலுள்ள எல்லாக் குழிகளின் பரப்பையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். குழி வாசலில் அனுமதி இலக்கம், எல்லை, ஆழம், முடியும் திகதி ஆகியவற்றைச் சிங்களத்திலும் தமிழிலும் பலகையில் எழுத வேண்டும். பழைய குழியை மூடிக் காட்டாதவருக்குப் புதுப்பித்தல் கொடுக்கக் கூடாது.

இன்றைய முறை குழி வெட்டும் உரிமையைக் கவனமாக வழங்குகிறது. குழியை மூடும் கடமையைக் கவனமாக வாங்குவதில்லை. அந்தப் பாதியைச் செய்யும்வரை இதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்ல முடியாது. பதிவு ஏற்பாடு என்றே சொல்லலாம்.