பச்சை விளக்குக்குத் தமிழ் தெரியாது

கூகுளில் ‘கேஜிஎஃப்’ என்று தட்டிப் பாருங்கள். தாடியும் சுத்தியலுமாக நடிகர் யஷ் வந்து நிற்பார். முதல் படம் 2018 டிசம்பரில் வந்தது, இரண்டாவது 2022 ஏப்ரலில். போதாததற்கு 2024-ல் ‘தங்கலான்’ வேறு. இத்தனைக்கும் கேஜிஎஃப் எனப்படும் கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இறங்கியதிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது வரை நூற்றிருபது ஆண்டு நிஜமாகவே தங்கம் தோண்டினார்கள். தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் தாத்தா வேலை பார்த்த சாஃப்ட்டை, அதாவது சுரங்கக் குழியைத் தேடினால் கிடைப்பது படத்தின் டிரெய்லர்.

தங்கவயலின் மாரிகுப்பத்தையும் சுற்றியுள்ள மைனிங் காலனிகளையும் பற்றித் தமிழில் ஒரு வேர்டுபிரஸ் தளம் நடத்துகிறேன். அதைத் தேடுபவர் கண்ணில் படவைக்க வேண்டும் என்றுதான் யோஸ்ட் எஸ்இஓ செருகுநிரலை நிறுவினேன். செருகுநிரல் என்று எழுதினாலும் எல்லோரும் சொல்வது பிளகின்தான், நானும் அப்படியே சொல்கிறேன். யோஸ்ட் டி வால்க் என்ற நெதர்லாந்துக்காரர் தொடங்கியது, 2021-ல் நியூஃபோல்டு டிஜிட்டல் வாங்கிக்கொண்டது. உலகம் முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் ஓடுகிறது. நான் பயன்படுத்துவது இலவசப் பதிப்பு.

நிறுவுவது சுலபம். பிளகின்ஸ் பக்கத்தில் தேடி, இன்ஸ்டால், ஆக்டிவேட், அவ்வளவுதான். அதன்பின் வரும் முதல்முறை அமைப்பில் தளம் ஒரு நிறுவனத்துடையதா, தனிநபருடையதா என்று கேட்கும். இதை அலட்சியமாகத் தாண்டாதீர்கள். இந்தப் பக்கத்தை வெளியிடுவது யார் என்று தேடுபொறிக்குப் புரியும் வடிவில், ஸ்கீமா என்ற குறிப்பாக, ஒவ்வொரு பக்கத்தின் நிரலுக்குள்ளும் இந்த விவரம்தான் போய் உட்காரும். சமூக ஊடக முகவரிகளைக் கேட்கும் படியை வேண்டுமானால் பிறகு நிரப்பலாம்.

ஆனால் யோஸ்ட்டின் அமைப்புக்குள் நுழையும் முன்பே வேர்டுபிரஸ்ஸில் இரண்டு இடங்களைப் பார்த்துவிட வேண்டும். ஒன்று, செட்டிங்ஸில் ரீடிங் பக்கம். தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்றொரு பெட்டி அங்கே இருக்கும். தளம் கட்டும்போது டிக் செய்துவிட்டு மறந்தவர்கள் ஏராளம். அந்த டிக் இருக்கும்வரை எந்தப் பிளகினாலும் ஒன்றும் செய்ய முடியாது. மற்றொன்று, ஜெனரல் பக்கத்தில் தளத்தின் மொழி. தமிழில் எழுதினாலும் நம்மில் பலர் அதை ஆங்கிலத்திலேயே விட்டுவைக்கிறோம். யோஸ்ட் அந்த மொழியைப் பார்த்துத்தான் கட்டுரையை அலசுகிறது. ஆங்கிலம் என்று இருந்தால் தமிழ்ப் பத்தியில் ஆங்கில இணைப்புச் சொற்களைத் தேடும், இல்லை என்று சிவப்பு விளக்கு போடும். மொழியைத் தமிழ் என்று மாற்றியதும் அந்தச் சோதனைகள் ஒதுங்கிவிடும். நிர்வாகப் பலகை தமிழில் இருப்பது கண்ணுக்குப் பழகவில்லை என்றால் உங்கள் பயனர் சுயவிவரத்தில் மட்டும் ஆங்கிலம் வைத்துக்கொள்ளலாம்.

இனி விளக்குகள். எழுதும் திரையின் கீழே சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று எரியும். கட்டுரைக்கு ஒரு முக்கியச் சொல் கொடுக்கச் சொல்லும். அந்தச் சொல் தலைப்பில் இருக்கிறதா, முதல் பத்தியில் இருக்கிறதா, உள்தலைப்பில் இருக்கிறதா என்று எண்ணிச் சொல்லும். மாரிகுப்பம் ரயில் பாதை பற்றிய கட்டுரைக்கு ‘மாரிகுப்பம்’ என்று கொடுத்தேன். கட்டுரையில் ஊர்ப் பெயர் பத்திக்குப் பத்தி வருகிறது. ஆனால் எப்படி வருகிறது? ‘மாரிகுப்பத்தில்’, ‘மாரிகுப்பத்துக்கு’, ‘மாரிகுப்பத்திலிருந்து’. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும் பிளகினுக்கு இவை எதுவும் ‘மாரிகுப்பம்’ இல்லை. கடைசி மகரம் போய் அத்துச் சாரியை வந்துவிட்டதே! ‘தங்கவயல்’ கதையும் இதுதான். ‘தங்கவயலில்’ என்று எழுதும்போது புள்ளி வைத்த லகரம் காணாமல் போய் ‘லி’ ஆகிவிடுகிறது. தமிழ் தெரியாத வாத்தியார் தமிழ்த் தாளைத் திருத்துவதுபோலத்தான். காசு கொடுத்து வாங்கும் பிரீமியம் பதிப்பில் ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மொழிகளுக்கு ஒரு சொல்லின் வேறு வடிவங்களையும் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆகவே இந்த ஒரு காரணத்துக்காகப் பிரீமியம் வாங்க நினைப்பவர்கள் பையில் கை விடவேண்டாம்.

பச்சை வரவைக்க வேண்டும் என்பதற்காக ‘மாரிகுப்பம் ஊரில்’, ‘மாரிகுப்பம் ஊருக்கு’ என்று எழுதும் தளங்களைப் பார்க்கிறேன். படிக்கவே பல்லில் கல் கடிபடுகிறது. கூகுள் இந்த விளக்குகளைப் பார்ப்பதே இல்லை. அவை பிளகினின் சொந்தக் கணக்கு. தலைப்பிலும் ஒரு உள்தலைப்பிலும் பெயர் வேற்றுமை உருபு ஏற்காமல் இயல்பாக வந்தால் போதும். மிச்சத்தை உங்கள் தமிழிலேயே எழுதுங்கள். ஆரஞ்சு எரிந்தால் எரியட்டும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், ஒரு வசதிக்காக. கட்டுரையின் தலைப்பு வேறு, தேடலில் தெரியும் தலைப்பு வேறு என்று இரண்டாகப் பிரித்து வைக்கலாம். தமிழில் எழுதுபவர்களுக்கு இது வரப்பிரசாதம். நமக்கு விஷயத்தை ஒளித்துவைத்துத் தலைப்பு வைத்தால்தான் திருப்தி. என் ரயில் கட்டுரையின் தலைப்பு ‘கடைசி ஸ்டேஷன்’. படிப்பவருக்கு நன்றாக இருக்கும், தேடுபவருக்கு எந்த ஊர் ஸ்டேஷன் என்று எப்படித் தெரியும்? அந்தத் தலைப்பைத் தொடாமல், எஸ்இஓ தலைப்புப் பெட்டியில் ‘மாரிகுப்பம் ரயில் பாதை வரலாறு’ என்று கொடுத்தேன். கூகுள் தனக்குத் தோன்றினால் வேறு தலைப்பைக் காட்டலாம், அது அதன் உரிமை. நம் பங்குக்கு நாம் சொல்லிவைக்கிறோம்.

அதற்குக் கீழே விவரிப்புப் பெட்டி. 156 எழுத்துக்கு மேல் போகாதே என்கிறது. இந்த எழுத்துக் கணக்கு நாம் பள்ளியில் படித்தது இல்லை. ‘மாரிகுப்பம்’ நமக்கு ஆறெழுத்து. கணினிக்குக் கால், கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் பதினொன்று. எனவே தமிழில் இடம் சட்டென்று தீர்ந்துவிடும். நான் கடைசியாக வைத்தது இது: ‘பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை 16 கி.மீ. தங்கவயல் ரயில் பாதை 1894-ல் ஏன் வந்தது, எந்த ஸ்டேஷன்கள், இன்று யார் பயணிக்கிறார்கள்?’ கணினிக் கணக்கில் இது அடங்கிவிடுகிறது. ஊர்ப் பெயர், ஆண்டு, என்ன கிடைக்கும் என்ற மூன்றும் இருக்கின்றன. பங்காருப்பேட்டையின் பழைய பெயர் பௌரிங்பேட்டை. அந்தக் காலத்து ஆவணங்களைப் புரட்டுபவர்கள் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள் என்பதால் அதைக் கட்டுரைக்குள் ஒரு உள்தலைப்பில் சேர்த்தேன்.

பக்கத்தின் முகவரிதான் தமிழில் எழுதுபவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம். வேர்டுபிரஸ் தலைப்பையே முகவரியாக்கிவிடும். தமிழின் ஒவ்வொரு குறியும் முகவரிக்குள் சதவீதக் குறியோடு கூடிய ஒன்பது எழுத்துகளாக மாறும். மொத்தம் 200-ஐத் தாண்டினால் வேர்டுபிரஸ் கத்தரித்துவிடும். ‘மாரிகுப்பம் ரயில் பாதையின் வரலாறு’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘மாரிகுப்பம்-ரயில்-பாதையி’ என்று பாதிச் சொல்லில் நின்றுபோகும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளின் ஊர்வலம்தான், வைரஸ் இணைப்போ என்று பயந்து யாரும் தொடமாட்டார்கள். ஆகவே முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில், இரண்டு மூன்று சொல்லில் வைத்துவிடுங்கள். முக்கியச் சொல் முகவரியில் இல்லை என்று யோஸ்ட் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

படங்களுக்கு மாற்று உரை இருக்கிறதா என்றும் பிளகின் கேட்கும். இந்தக் கேள்வி நியாயமானது. போனிலிருந்து ஏற்றிய படங்களுக்குப் பெயரே வெறும் எண்தான். இரும்புக் கோபுரமும் மேலே சக்கரமும் தெரியும் படம் எந்த சாஃப்ட் என்று எழுதினால்தான் தேடுபவருக்குப் பயன். சாம்பியன் ரீஃபில் ஹீத்கோட் சாஃப்ட்டின் படத்துக்கு ‘சாம்பியன் ரீஃப் ஹீத்கோட் சாஃப்ட், 1965-ல் நியூட்ரினோ பதிவான சுரங்கம்’ என்று எழுதிவைத்தேன். டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தோடும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து பூமிக்கடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் செய்த சோதனை அது. வளிமண்டல நியூட்ரினோவைத் தேடும் இயற்பியல் மாணவரும் நம் ஊர் வாசலுக்கு வந்துசேர இப்படி ஒரு வழி திறக்கிறது.

தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பை யோஸ்ட் தானே உருவாக்கிக்கொள்ளும். அதன் முகவரியை கூகுள் சர்ச் கன்சோலில் ஒருமுறை கொடுத்தால் வேலை முடிந்தது. ஒருவரே எழுதும் தளம் என்றால் ஆசிரியர் பக்கம், தேதிப் பக்கம் இரண்டையும் அமைப்பில் அணைத்துவிடுங்கள். ஒரே கட்டுரைப் பட்டியல் மூன்று முகவரிகளில் கிடப்பதால் லாபமில்லை.

சர்ச் கன்சோலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையான மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்பதை அது காட்டும், இலவசம்தான். எங்கள் ஊர்க்காரர்கள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் பலர் படித்தது ஆங்கிலமோ கன்னடமோ. அதனால் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவது இங்கே சர்வசாதாரணம். தமிழ்ச் சொல்லை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் அவர்கள் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்கள். கட்டுரைக்குள் ஒரே ஒரு இடத்தில் ஊர்ப் பெயரையும் சுரங்கப் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதிவைப்பது அவர்களுக்காகத்தான்.

‘கேஜிஎஃப்’ என்ற ஒற்றைச் சொல்லில் யஷ்ஷை முந்த எந்தப் பிளகினாலும் ஆகாது. முந்தவைக்கிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். ‘சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம்’, ‘சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் 1902’ போன்ற நீளமான தேடல்களில் படம் போட்டிக்கு வராது. நமக்கு வேண்டிய ஆட்களும் அப்படித்தான் தேடுவார்கள்.

போட்டியாளர்களில் ரேங்க் மேத் குறிப்பிடத்தக்கது. இலவசப் பதிப்பிலேயே ஒரு கட்டுரைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முக்கியச் சொற்கள் கொடுக்கலாம், அதாவது ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக. முகவரி மாறினால் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் வசதியும் அதில் இலவசம், யோஸ்ட்டில் அது பிரீமியத்தில்தான். ஆனால் அது நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும், தலைப்பில் எண் இல்லையே என்று கூடக் கேட்கும். மதிப்பெண்ணைப் பார்த்தால் மனம் அலைபாயும் ஆள் என்றால் யோஸ்ட்டே மேல். இரண்டையும் ஒரே தளத்தில் ஓட்டாதீர்கள், ஒன்றின் குறிப்பை மற்றொன்று குழப்பும். பிளாக்ஸ்பாட்டில் எழுதுபவர்களுக்கு இரண்டுமே கிடையாது. அங்கே அமைப்பில் இருக்கும் தேடல் விவரிப்பு வசதியை இயக்கிக்கொண்டால் பாதி வேலை ஆகும்.

என் தீர்ப்பு: யோஸ்ட் இலவசப் பதிப்பு தமிழ்த் தளத்துக்குத் தாராளமாகப் போதும். தேடல் தலைப்பு, விவரிப்பு, சைட்மேப், ஸ்கீமா ஆகிய நான்குக்காகவும் வைத்துக்கொள்ளுங்கள், விளக்குகளை மறந்துவிடுங்கள். மாரிகுப்பம், ஊரிகம், ஆண்டர்சன்பேட்டை லைன் வீடுகளில் வளர்ந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய சுரங்கப் படங்களை இணையத்தில் ஏற்றும்போது சாஃப்ட்டின் பெயரையும் ஆண்டையும் படத்துக்கடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அதற்குப் பிளகின்கூடத் தேவையில்லை.