விக்கைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் ஒரு பெண் மொட்டைத் தலையோடு தெருவில் இறங்கினால் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "திருப்பதியா, வேளாங்கண்ணியா?" வேண்டுதலை முடித்து, சந்தனம் பூசிக்கொண்டு வருகிற தலைகளைப் பார்த்துப் பழகிய தமிழர்களின் ஊர் அது. முதல் தடவை "ஆமாங்க்கா, திருப்பதி" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆறு மாதம் கழித்தும் முடி முளைக்காமல், புருவமும் சேர்ந்து உதிர்ந்துவிட்டால் அந்தப் பதில் செல்லாது. சிலர் குரலைத் தாழ்த்தி "கீமோவா?" என்பார்கள். சிலர் சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்க்கச் சொல்வார்கள்.

வெங்காய வைத்தியம் புழுவெட்டுக்கு. காசு அளவில் வட்டமாக முடி கொட்டுவதை ஊர்ப்பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள். மருத்துவர்கள் அலோபீசியா ஏரியேட்டா என்பார்கள். இதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே முடியின் வேர்க்கால்களை அந்நியமென்று நினைத்துத் தாக்குகிறது. பலருக்கு அந்த வட்டம் தானாக நிரம்பிவிடும். சிலருக்குத் தலை முழுவதும் போய்விடும்; அது டோட்டாலிஸ். இமைமுடி, புருவம், மூக்குமுடி என்று உடம்பு முழுவதும் போனால் யுனிவர்சாலிஸ். 2022 ஜூன் மாதம் கடுமையான அலோபீசியா ஏரியேட்டாவுக்காக பாரிசிட்டினிப் என்ற மாத்திரையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. அது எல்லோருக்கும் பலன் தருவதில்லை, நிறுத்தினால் முடி திரும்பக் கொட்டலாம், சாப்பிடும் காலமெல்லாம் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். தோல் மருத்துவரைப் பார்ப்பது ஒரு பக்கம் நடக்கட்டும். நாளை காலை வேலைக்குப் போக வேண்டிய தலைக்கு விக் வேண்டும்.

எந்த விக்? இந்த விமர்சனம் அதைப் பற்றித்தான்.

சோதனைப் பாதை

பைக்கை விமர்சிக்கிறவர்கள் அதை நந்தி மலைக்கு ஓட்டிப்போவார்கள். விக்குக்கு மாரிக்குப்பம்–பெங்களூரு ரயிலே போதும். 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயலுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் அந்த ரயில்தான். மாரிக்குப்பத்தில் கிளம்பி, சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஆளை ஏற்றிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. விடிவதற்குள் வீட்டை விட்டு இறங்கி இருட்டியபின் திரும்புகிறவர்கள் ஏராளம்.

அப்படிப் போய்வரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளலாம். தலையில் ஒரு முடிகூட இல்லை. ஸ்டேஷன் வரை தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறார். பெட்டியில் ஜன்னல் காற்று, நெரிசல். மதியம் ஆபீஸ் மொட்டை மாடியில் சாப்பாடு. ராத்திரி வீட்டில் குக்கர். நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் விக் தலையில் இருக்கும். கடைக் கண்ணாடி முன் ஐந்து நிமிடம் அழகாகத் தெரிவது வேறு, இந்தப் பதினான்கு மணி நேரம் வேறு.

முதலில் உள்பக்கம்

கடைக்காரர் விக்கை எடுத்து உதறி, முடியைக் கோதிக் காட்டுவார். வாங்கி அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். சுரங்கத் தொழிலாளியின் ஹெல்மெட்டில் ஓடு தலையில் படாது. உள்ளே இருக்கும் வலைப்பட்டைதான் ஷிஃப்ட் முழுக்கத் தலையைத் தாங்கும். விக்கிலும் சங்கதி அதேதான்.

பாதி முடி உள்ளவருக்கும் முழுக்க இல்லாதவருக்கும் வித்தியாசம் இங்கேதான் வருகிறது. கடைகளில் அதிகம் விற்பது கிளிப் வைத்த டாப்பர்களும் எக்ஸ்டென்ஷன்களும். பாட்டி காலத்துச் சவுரியைப் போலத்தான் இவையும்; கோத்துக்கொள்ளச் சொந்த முடி வேண்டும். முழு விக்கிலும் சிலவற்றில் உள்ளே சீப்பு கிளிப்புகள் தைத்திருப்பார்கள். முடியற்ற தலையில் அவை எதையும் பிடிக்காது, தோலைத்தான் கீறும். அவற்றைப் பிரித்து எடுத்துத் தர முடியுமா என்று கடையிலேயே கேட்டுவிடுவது நல்லது.

உள்வலை மூன்று நான்கு விதமாக வரும். மலிவானது மிஷினில் தைத்தது: முடிப்பட்டைகளை வரிசை வரிசையாக எலாஸ்டிக்கில் தைத்திருப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடைவெளி தெரியும். காற்று நன்றாகப் போகும். ஆனால் தையல் விளிம்புகள் வெறுந்தலையில் உறுத்தும், மாலைக்குள் சிவந்த கோடுகள் விழும். உள்ளே ஒரு மெல்லிய பருத்தி அல்லது மூங்கில் நூல் தொப்பி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும், வியர்வையையும் அது உறிஞ்சிவிடும்.

அடுத்தது மோனோ. கொசுவலையைவிட மெல்லிய வலையில் ஒவ்வொரு முடியாகக் கையால் முடிந்திருப்பார்கள். வகிடு எடுத்தால் அடியில் தோல் தெரிவதுபோல இருக்கும். வலை உச்சியில் மட்டுமா, தலை முழுவதுமா என்பதைப் பொறுத்து விலை ஏறும். முழுக்கக் கைமுடிச்சு போட்டதுதான் வெறுந்தலைக்கு மிக மென்மை. முன்நெற்றியில் மட்டும் லேஸ் வைத்தவையும் உண்டு. முடியை மேலே தூக்கிச் சீவுகிறவர்களுக்கு அது உதவும். நெற்றியில் முடி விழுமாறு வெட்டிக்கொள்கிறவருக்கு அந்தக் காசு வீண். தலையின் அச்செடுத்துச் செய்யும் சிலிக்கான் விக் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பசை வேண்டாம், காற்றுக்கும் அசையாது. ஆனால் விலை பல மடங்கு. வெயில் காலத்தில் வியர்வை உள்ளேயே தேங்கும்.

ஒட்டும் டேப்பும் பசையும் தினசரி உபயோகத்துக்குத் தோலைப் பதம் பார்க்கும். அதற்குப் பதில் விக் கிரிப் என்ற வெல்வெட் பட்டை இருக்கிறது. தலையைச் சுற்றி அதைக் கட்டி மேலே விக்கைப் போட்டால் வெல்வெட்டின் சொரசொரப்பு வலையைப் பிடித்துக்கொள்ளும். ரயில் ஜன்னல் சோதனையில் இந்தச் சில நூறு ரூபாய்ப் பட்டையின் பலனை விலை கூடிய லேஸ்கூடத் தருவதில்லை.

அளவு

தையல் டேப்பை நெற்றியில் முடி தொடங்கிய இடத்தில் வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பிடரிக் குழியைச் சுற்றி எடுக்க வேண்டும். சராசரி விக் 54 முதல் 57 சென்டிமீட்டர் சுற்றளவுக்குச் செய்யப்படுகிறது. அந்த அளவு தலைமுடியையும் சேர்த்தது என்பதால், முடி இல்லாதவருக்கு ஒரு சைஸ் சிறியதாகவே தேவைப்படலாம். பிடரியில் உள்ள கொக்கியையோ வெல்க்ரோவையோ கடைசிவரை இழுத்தால்தான் நிற்கிறது என்றால் அது உங்கள் சைஸ் இல்லை.

காதோரப் பட்டைகள் இரண்டும் காதுக்கு முன்னால் ஒரே உயரத்தில் படிந்து உட்கார வேண்டும். போட்டபின் குனிந்து செருப்பு வாரை மாட்டிப் பார்க்கலாம், தலையை இருபுறமும் உதறலாம், வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விடலாம். கொட்டாவியில் மேலே ஏறுகிற விக் மதியச் சாப்பாட்டிலும் ஏறும்.

செயற்கையா, மனித முடியா?

செயற்கை முடி என்றாலே நாடக டோப்பாதான் பலருக்கு நினைவு வரும். அந்தக் காலம் மலையேறிவிட்டது. ஜப்பானின் கனெகா நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த கனெகலான் என்ற மோடாக்ரிலிக் இழையும் அதன் வாரிசுகளும் இன்றைய செயற்கை விக்குகள் பலவற்றில் இருக்கின்றன. எடை குறைவு, குட்டை முடி விக் 100 கிராமுக்குள் அடங்கிவிடும். துவைத்தாலும் வடிவம் அப்படியே திரும்பி நிற்கும். எதிரி சூடு. குக்கர் மூடியைத் திறக்கும்போதும் வடை சுடும்போதும் குனிந்தால் முன்முடி ஒரே நாளில் சுருண்டு பஞ்சாகிவிடும். சாம்பிராணிப் புகைக்கும் கிட்டே போகக் கூடாது. தோள்வரை நீளமானால் காலரில் உரசியே முனை சிக்காகும். அதனால் செயற்கை வாங்குகிறவர் தோளைத் தொடாத நீளத்தில் வாங்குவது லாபம்.

மனித முடி விக்கில் பார்க்க வேண்டியது முடியின் பூர்வீகம். திருமலையில் காணிக்கையாகும் முடி நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலத்துக்குப் போகிறது. ஒருவர் தலையிலிருந்து ஒன்றாக இறங்குவதால் வேரும் நுனியும் ஒரே திசையில் இருக்கும். இதைத்தான் ரெமி என்கிறார்கள். 2004-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பழமைவாத யூதப் பெண்கள் தங்கள் விக்குகளைத் தெருவில் கொளுத்தினார்கள். அந்த முடி இந்தியக் கோயில்களில் காணிக்கையானது என்பதால் அணியக் கூடாது என்று அவர்களுடைய மதகுருக்கள் சொன்னதுதான் காரணம். அவ்வளவு தூரம் போகிறது நம் மொட்டை.

இன்னொரு வழியிலும் முடி வருகிறது. "சிக்கு முடி இருக்கா?" என்று தெருவில் கூவி, பிளாஸ்டிக் சாமானுக்கும் எவர்சில்வர் கிண்ணத்துக்கும் வாங்கிப்போவார்களே, அதுவும் விக்காகிறது. நூறு தலைகளின் உதிரி, வேர் எது நுனி எது தெரியாது. சிக்காமலிருக்க அமிலத்தில் முக்கி மேல்செதிலைச் சீவி, சிலிக்கான் பூசுவார்கள். கடையில் பட்டுப்போல வழுக்கும். சில தடவை அலசிப் பூச்சு போனதும் துடைப்பமாகிவிடும். "நூறு சதவீதம் மனித முடி" என்ற லேபிள் இரண்டுக்குமே பொய்யில்லை. ஆக, கேட்க வேண்டியது ரெமியா என்று. பிடரிப் பக்கத்தில் ஒரே ஒரு இழையைக் கேட்டு வாங்கி நெருப்பில் காட்டினால் மனித முடி கருகிய வாடையோடு பொடியாகும், செயற்கை உருகிக் கெட்டியான மணியாகும். ரெமி இழையை நுனியிலிருந்து வேரை நோக்கி விரலால் உருவினால் லேசான சொரசொரப்பு தட்டும்.

ஹெல்மெட், பூ, தூசி

கர்நாடகத்தில் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். விக்குக்கு இதைவிடக் கடினமான பரீட்சை இல்லை. போடும்போது ஒன்றும் ஆகாது, கழற்றும்போது விக்கும் கூடவே வரும். விக்குக்கு மேல் வழவழப்பான சாட்டின் துணியைக் கட்டி அதன்மேல் ஹெல்மெட் போட்டால் உரசல் குறையும். கழற்றும்போது ஒரு கை காதோரப் பட்டையில் இருக்கட்டும். ஸ்டேஷன் கொஞ்ச தூரம்தான் என்றால், விக்கைப் பையில் வைத்து, பருத்தி ஸ்கார்போடு பைக்கில் போய், இறங்கியபின் மாட்டிக்கொள்வது இன்னும் சுலபம்.

பூ வைக்கலாமா? வைக்கலாம், பிடரிக்குப் பக்கத்தில், தையல் வரிசையில், சின்ன ஸ்லைடால். மோனோ வலையில் ஊக்கு குத்தினால் கிழிந்துவிடும். இரண்டு முழம் மல்லிகை விக்கைப் பின்னால் இழுக்கும், முன்நெற்றி மேலே போகும். அரை முழத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தூசி ஒட்டி ஒரே வாரத்தில் பிசுபிசுக்கும்.

தூசி என்றதும் தங்கவயல்காரர்களுக்குச் சயனைடு மேடு நினைவு வரும். தங்கம் பிரித்தபின் கொட்டிய அரைமண் மலைபோலக் குவிந்து கிடக்கிறது. கோடைக் காற்றில் அது பறந்து வரும்போது இமைமுடியும் மூக்குமுடியும் இல்லாதவருக்குக் கண்ணும் மூக்கும்தான் முதலில் சொல்லும். அகலமான கண்ணாடி அதற்கும் ஆகும், புருவம் இல்லாத இடத்தையும் மறைக்கும். காற்றடிக்கும் மாதங்களில் விக்கை ஏழெட்டுத் தடவை போட்டதும் அலச வேண்டும். அரை வாளி பச்சைத் தண்ணீர், ஒரு ஸ்பூன் ஷாம்பு, ஐந்து நிமிடம் ஊறல். கசக்கக் கூடாது, பிழியக் கூடாது. நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து, துண்டில் ஒற்றி, நிழலில் தொங்கவிட்டு, காய்ந்தபின்தான் சீப்பு.

காசுக் கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. 3,000 ரூபாய்க்கு ஒரு செயற்கை விக் வாங்கித் தினமும் போட்டால் ஐந்து மாதம் தாங்கும் என்று வைத்தால் மாதம் 600 ரூபாய். 20,000 ரூபாய் ரெமி விக் பதினைந்து மாதம் ஓடினால் மாதம் 1,333. அதோடு அலசல், வடிவம், சீவல் என்று தலைமுடிக்குச் செய்யும் எல்லாப் பராமரிப்பும் சேரும். முழுப் பணத்தையும் ஒரே விக்கில் போட்டால் அது வாளியில் ஊறும் நாளில் வேலைக்கு என்ன போடுவது என்ற கேள்வி எழும்.

இலவசமாகத் தருகிறவர்களும் உண்டு. சென்னையில் செரியன் அறக்கட்டளையும் திருச்சூரில் அமலா மருத்துவமனையும் தானமாக வந்த முடியில் விக் செய்து தருகின்றன, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்காக. பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவையிலேயே விக்கை எழுதித் தருகிறார்கள். இங்கே அலோபீசியாக்காரர் பெரும்பாலும் சொந்தக் காசில்தான் வாங்கியாக வேண்டும்.

தீர்ப்பு

சாம்பியன் ஸ்டேஷனில் ஏறும் அந்தப் பெண்ணுக்கு: உச்சியில் மோனோ வைத்த, தோளுக்கு மேலே நிற்கும் செயற்கை விக் இரண்டு, ஒரே நிறத்தில். ஒரு வெல்வெட் பட்டை. மூன்று பருத்தி உள்தொப்பி. மிச்சப் பணம் கையில் இருக்கட்டும். வருடம் முழுக்கப் போட்டு, எந்த நீளம், எந்த வலை தலைக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்தபின் ரெமியைப் பற்றி யோசிக்கலாம். கீமோ முடிந்து சில மாதங்களில் முடி திரும்பும் என்று எதிர்பார்க்கிறவருக்கு ஒரு செயற்கை விக்கே போதும்.

ராத்திரி அடுப்பு வேலை முடிந்ததும் விக்கைக் கழற்றிவிடலாம், வெறுந்தலைக்குக் காற்று வேண்டும். அதை மாட்டிவைக்கத் தெர்மக்கோல் தலை விற்கிறார்கள். எவர்சில்வர் தூக்கைக் கவிழ்த்து, துண்டைச் சுற்றி, அடுப்படியிலிருந்து தள்ளி பீரோ மேல் வைத்தாலும் அந்த வேலை நடக்கும்.