லாரி, லொறி, குட்டியானை

டாடா நிறுவனம் 2005-இல் ‘ஏஸ்’ என்ற சிறு சரக்கு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சென்னைக்காரர்களுக்கு அது குட்டியானை. கொழும்பில் அதே வண்டி ‘டிமோ பட்டா’. டிமோ என்பது அங்கே டாடா வண்டிகளை விற்கும் நிறுவனம். நான் குடியிருக்கும் ஆதம்பாக்கத்தின் உள்தெருக்களில் காலை வேளையில் நுழையும் சரக்கு பெரும்பாலும் இதில்தான் வருகிறது: தண்ணீர் கேன், கடைகடையாகப் போடும் பிஸ்கட் கம்பெனியின் லைன் சரக்கு, ஹார்டுவேர் கடைக்குச் சிமென்ட், வீடு மாறுகிறவர்களின் பீரோவும் கட்டிலும். கொழும்பு புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களிலும் இதே வண்டிதான் மூட்டை சுமக்கும் நாட்டாமிகளின் தள்ளுவண்டியோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் இரண்டு ஊரிலும் போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்களுக்குச் சரக்கு என்றதும் நினைவுக்கு வருவது துறைமுகக் கன்டெய்னர்தான்.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல, கணக்குப் போடும் முறையும்தான். ஒரு பெருநகரத்தின் போக்குவரத்தைக் கணினியில் மாதிரியாகக் கட்டும்போது ஊரைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் எத்தனை பயணம் கிளம்புகிறது, அவை எங்கே போய்ச் சேர்கின்றன, எந்த வாகனத்தில், எந்தச் சாலை வழியாக என்று படிப்படியாகக் கணக்கிடுவார்கள். ஆட்கள் விஷயத்தில் இது எளிது. வீட்டுக் கதவைத் தட்டி, நேற்று எங்கே போனீர்கள் என்று கேட்டுவிடலாம். அரிசி மூட்டைக்கு அப்படிக் கேட்க ஒரு வீடு கிடையாது. அதனால் ஊர் எல்லையில் லாரியை மறித்து எங்கிருந்து, எங்கே, என்ன லோடு என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். எல்லைக்கு உள்ளே நடப்பதை மக்கள்தொகை, கடைகளில் வேலை செய்வோர் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து ஒரு பெருக்கலால் நிரப்பிவிடுவார்கள். அண்ணாச்சி கடையில் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஏட்டில் இருக்கிறது?

சென்னையில் இந்த வழக்கம் 1968-க்கும் 1974-க்கும் இடையே நடந்த சென்னைப் பகுதிப் போக்குவரத்து ஆய்விலிருந்து வருகிறது. பறக்கும் ரயில் அதன் வழியாகப் பிறந்ததுதான். அடுத்த பெரிய ஆய்வைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2010-இல் முடித்தது. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ‘டிரான்ஸ்பிளான்’ என்ற மாதிரியை உருவாக்கி வைத்திருந்தது. பிறகு 2012 முதல் 2014 வரை ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தின் உதவியோடு கொழும்பு அடங்கிய மேல் மாகாணம் முழுவதும் வீடுவீடாகக் கேட்டு ‘கொம்டிரான்ஸ்’ ஆய்வு நடந்தது. அதில் பேசப்பட்டது மோனோரெயில். பின்னர் அது இலகு ரயில் ஆனது. 2020-இல் அதுவும் கைவிடப்பட்டது. இரண்டு நாட்டிலும் ஆய்வு முடிந்ததும் சண்டை நடப்பது ரயிலைப் பற்றித்தான். லாரியைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

லாரிக் கணக்கு எளிதாக இருந்திருக்க வேண்டிய ஊர் கொழும்புதான். ஒரே தீவு, பெரிய துறைமுகமும் பெருநகரமும் ஒன்றே, தம்புள்ளைக் காய்கறியும் இறக்குமதிச் சீனியும் அங்கேதான் வந்து சேரும். ஆனால் துறைமுக எண்ணிக்கையை அப்படியே எடுத்து மாதிரியில் போட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். 2024-இல் கொழும்பு கையாண்டது இருபதடிக் கணக்கில் சுமார் 78 லட்சம் பெட்டிகள். அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடுகிறது, அதிலும் பெரும்பங்கு இந்தியச் சரக்கு. அந்தப் பெட்டிகள் கொழும்புச் சாலையைப் பார்ப்பதே இல்லை. சென்னைத் துறைமுகம் ஆண்டுக்குக் கையாள்வது இருபது லட்சத்துக்கும் கீழே. ஆனால் அதில் பெரும்பகுதி டிரெய்லரில் ஏறி ராயபுரம், மணலி, மாதவரம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஊரைக் கிழித்துக்கொண்டு போகிறது. சிறிய துறைமுகம்தான் ஊரை அதிகம் நசுக்குகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் இரு நகரங்களும் கண்ட மருந்து ஒன்றே: மேம்பாலம். கொழும்பில் புதிய களனிப் பாலத்திலிருந்து துறைமுகம் வரை 5.3 கிலோமீட்டர், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில். சென்னையில் துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-இல் கூவம் ஆற்றுக்குள் தூண் வருகிறது என்று மாநில அரசு நிறுத்தியது. 2022-இல் இரண்டு அடுக்காக மாற்றி மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். மேலடுக்கு துறைமுக லாரிக்கு, கீழடுக்கு ஊர் வண்டிக்கு. துறைமுக லாரி எங்கே போகும் என்பது தெரிந்திருப்பதால் அதற்கென ஒரு அடுக்கே கட்ட முடிகிறது. மற்ற சரக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அந்த மற்ற சரக்கின் வழித்தடம் இரண்டு நாட்டிலும் ஒரே ஆண்டில், யாரும் விரும்பாத வகையில் வெளிப்பட்டது. சென்னையின் கொத்தவால் சாவடி நெரிசலைத் தீர்க்க 1996-இல் அங்கிருந்த மொத்தச் சந்தையைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். 2020 மே மாதம் கோயம்பேட்டில் கொரோனா பரவியபோது, லோடுமேன்களும் வியாபாரிகளும் வண்டியோட்டிகளும் ஊர் திரும்பிய வழியே அது கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று போனது. சந்தையை மூடித் தற்காலிகமாகத் திருமழிசைக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கொழும்புக்கு வெளியே பேலியகொடை மீன் சந்தையில் தொற்று வெடித்தது. மீன் லொறியும் வியாபாரிகளும் போன இடமெல்லாம், தீவு முழுக்க, அதுவும் போனது. தொடர்பில் இருந்தவர்களைத் தேடி அலைந்த சுகாதாரப் பணியாளர்கள் தங்களை அறியாமலே ஒரு சரக்கு வரைபடத்தை வரைந்தார்கள். எந்தச் சந்தைக்கு யார் வருகிறார்கள், எங்கே திரும்பிப் போகிறார்கள், வழியில் எங்கெல்லாம் நிற்கிறார்கள் என்பது அதில் இருந்தது. எல்லையில் லாரியை மறித்துக் கேட்டால் இதில் பாதிகூடக் கிடைக்காது. அடுத்த மாதமே புறக்கோட்டையின் மெனிங் காய்கறிச் சந்தையையும் பேலியகொடைக்கு மாற்றினார்கள். அப்படி மாற்றும்போதாவது அந்த வரைபடம் திட்டக்காரர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இன்னொரு இடத்திலும் மாதிரிகள் சறுக்குகின்றன. எத்தனை பெரிய லாரி, எத்தனை சின்ன வண்டி என்பதை முன்கூட்டியே தெரிந்த எண்ணாக வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த எண் அரசு போடும் விதிக்கு ஏற்ப மாறும். சென்னையில் பகலில் கனரக லாரிக்குத் தடை என்றதும் சரக்கு குறைந்துவிடவில்லை. பெரிய லாரி ஊருக்கு வெளியே இறக்கியதைப் பல குட்டியானைகள் உள்ளே கொண்டுவந்தன. இலங்கையில் நேர்மாறு: விதி அந்த எண்ணை உறையவைத்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. தடை இருந்த காலத்தில் பெரும்பாலும் இருந்த லொறியையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) கணக்கில் ஒரு லாரியை ஏறத்தாழ மூன்று காராக எடுத்துக்கொள்வது வழக்கம். அது ஓடுகிற லாரி. ஆதம்பாக்கத்து உள்தெருவில் ஒரு குட்டியானை நின்று இருபது மூட்டை இறக்கும்போது அந்தத் தெரு முழுக்க அதன் கைக்குள். ஓட்டத்தை அளக்கிற கணக்கில் நிற்பதற்குக் கட்டம் கிடையாது. சாலையை அகலப்படுத்தினால் அந்த இடத்தில் இன்னொரு வண்டி வந்து நிற்கும், அவ்வளவுதான். தண்ணீர் லாரி இதைவிட மோசம். 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது மேடவாக்கம், வேளச்சேரிப் பக்கத்தில் தண்ணீர் லாரியே பிரதான சரக்கு வாகனம் போல ஓடியது. மழை பொய்த்தால் எத்தனை லாரி கூடும் என்பதும் சென்னை மாதிரியில் ஒரு கேள்வியாக இருக்க வேண்டும்.

இப்போது எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டதே, கணக்கு தானாக வந்துவிடாதா என்பார்கள். இந்தியாவில் சுங்கச்சாவடியில் வண்டியைப் பதியும் ஃபாஸ்டேக் இருக்கிறது, சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. இ-வே பில் இருக்கிறது. ஆனால் சுங்கச்சாவடிகள் பரனூர், வானகரம், சூரப்பட்டு என்று ஊரின் ஓரத்தில் இருக்கின்றன. இ-வே பில்லோ தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்குக் கீழான சரக்குக்குத் தேவையில்லை. லைன் வண்டியிலிருந்து ஒரு கடையில் இறங்கும் பத்துப் பெட்டி பிஸ்கட் அந்த வலையில் விழாது. இலங்கையிடம் இதைவிட நுணுக்கமான தகவல் ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. 2022 நெருக்கடியில் எரிபொருளுக்கு கியூ.ஆர். அட்டை வந்தது. ஒவ்வொரு வண்டியும் எந்த நிலையத்தில், எந்த வாரம், எவ்வளவு டீசல் அடித்தது என்பது பதிவாயிற்று. தொடக்கத்தில் லொறிக்கு வாரத்துக்கு 50 லீற்றர். 2023 செப்டம்பரில் அந்த முறை நின்றது. பற்றாக்குறைக் காலத்துப் பழக்கத்தைச் சாதாரண காலத்துக்குப் பொருத்துவது சரியல்லதான். ஆனாலும் அவ்வளவு சின்ன வண்டிகளையும் ஒரே ஏட்டில் கண்ட அரசு இந்த வட்டாரத்தில் வேறெது?

சென்னைப் பெருநகரப் பகுதி 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. மேல் மாகாணத்தின் பரப்பு சுமார் 3,700. எல்லையில் நின்று எண்ணுகிற பழக்கத்தையே வைத்துக்கொண்டால், எல்லை தூரப் போகப் போக முன்பு வெளியே எண்ணப்பட்ட லாரிகளும் உள்ளே விழுந்துவிடும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மாதவரம் போகும் லாரி இனி ‘உள்ளூர்’ வண்டி. சென்னையின் மூன்றாவது பெருந்திட்டத்துக்குக் கணக்கெடுக்கிறவர்கள் சுங்கச்சாவடிக்குப் போவதற்கு முன், வட்டாரத்துக்குச் சில தெருக்களைத் தேர்ந்து, கடைகளில் நேற்று என்ன இறங்கியது, எதில் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்கலாம். ஆதம்பாக்கத்தில் எந்தத் தெரு என்று கேட்டால் நானே காட்டுவேன்.